கெர்னல் சாகும்போது சாட்சி சொல்வது யார்?

கணினித்துறையில் இன்றும் புழங்கும் 'கோர் டம்ப்' என்ற தொடருக்குள் ஒரு பழைய பொருள் மறைந்திருக்கிறது. 'கோர்' என்ற சொல் முதலில் குறித்தது, ஃபெரைட் என்னும் காந்தப் பொருளால் ஆன, மிளகளவுகூட இல்லாத வளையத்தை. 1950களின் நடுப்பகுதி தொடங்கி 1970கள் வரை கணினி நினைவகம் இத்தகைய வளையங்களைக் கம்பிகளில் கோத்தே நெய்யப்பட்டது. ஒரு வளையத்துக்கு ஒரு பிட். இயந்திரம் பாதியில் நின்றுபோனால், அந்த நொடியில் வளையங்களில் எஞ்சியிருந்த எல்லாவற்றையும் எண்களாகத் தாளில் கொட்டி எடுத்து, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து பிழையைத் தேடுவார்கள். வளையங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. சொல் மட்டும் தங்கிவிட்டது. பொருள் தேய்ந்து வடிவம் நிலைக்கும் சொற்களுக்கு மொழியியல் வகுப்பில் காட்டத்தக்க எடுத்துக்காட்டு இது.

வரலாற்று மாணவர் ஒருவர் இந்தத் தொடரில் கவனிக்க வேண்டியது வேறொன்று. டம்ப் என்பது ஓர் ஆவணம். நிலைகுலைந்த இயந்திரத்தைப் பற்றிக் கிடைக்கக்கூடிய ஒரே முதன்மைச் சான்று பல நேரங்களில் அதுதான். அப்படியானால் அந்த ஆவணத்தை எழுதுபவர் யார்? இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலுக்கு மட்டுமே நினைவகம் முழுவதையும் பார்க்கவும் வட்டில் எழுதவும் அதிகாரம் உண்டு. ஆனால் நிலைகுலைந்ததும் அதே கெர்னல்தான். அதனிடமே சாட்சியம் எழுதித் தரச் சொல்வது, சித்தம் கலங்கியவரிடம் உயில் எழுதி வாங்குவது போன்றது. எழுதப்பட்டது பொய்யாக இருக்கலாம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வட்டில் எந்த இடத்தில் எழுதுகிறோம் என்பதே அதற்குத் தெரியாமல் போய், பயனரின் நல்ல தரவுகளின் மேல் எழுதி அழித்துவிடக்கூடும். லினக்ஸில் இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த விடை பெரும்பகுதி பெங்களூருவில் உருவானது. மெய்நிகர் இயந்திரங்கள் பெருகியபின் அதே சிக்கல் வேறோர் உருவில் திரும்பி வந்தது.

இதற்கான முன்னோடிகள் 1960களிலேயே உண்டு. எம்ஐடியில் தொடங்கிய மல்டிக்ஸ் இயங்குதளத்துக்குப் பக்கத்தில் 'பாஸ்' என்ற சிறிய இயங்குதளம் ஒன்று தனியே இருந்தது. மல்டிக்ஸைக் கிளப்பிவிடுவது அதன் வேலை. மல்டிக்ஸ் விழுந்தால் கட்டுப்பாடு பாஸின் கைக்கு வரும்; நினைவகத்தைப் படியெடுப்பதும் அதுவே. நினைவகத்தின் ஒரு மூலையில் பாஸுக்கெனக் காலூன்ற விட்டுவைத்த சிறு இடத்தை, கால்விரல் பதிக்கும் இடம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் அழைத்தார்கள். விழுந்தவரைப் பற்றி எழுத விழாத இன்னொருவர் வேண்டும் என்ற எண்ணம் அங்கேயே முளைவிட்டிருந்தது.

மல்டிக்ஸ் பொறியாளர் டாம் வான் வ்லெக் எழுதிவைத்த இரு நினைவுகள் இவ்விடத்தில் பொருந்தும். மல்டிக்ஸுக்காகத் தாம் எழுதிய நிரல்களில் பாதியளவு பிழையிலிருந்து மீள்வதற்கானவை என்று டென்னிஸ் ரிட்சியிடம் அவர் சொன்னாராம். அதற்கு ரிட்சி, யூனிக்ஸில் அதையெல்லாம் விட்டுவிட்டோம் என்றும், கோளாறு வந்தால் 'பேனிக்' என்ற செயல்கூறு அழைக்கப்படும், இயந்திரம் விழும், நடைக்கூடத்தில் யாரையாவது கூப்பிட்டு மறுபடி கிளப்பச் சொல்வோம் என்றும் பதிலளித்தாராம். பேனிக் என்ற பெயர் அன்று கிடைத்தது. லினக்ஸ் அதை அப்படியே சுவீகரித்துக்கொண்டது. இரண்டாவது நினைவு, ஐபிஎம்மின் சிபி-67 பற்றியது. ஒரே கணினியில் ஒவ்வொரு பயனருக்கும் தனிக் கணினி இருப்பதுபோலக் காட்டிய அது, மெய்நிகர் இயந்திர அமைப்புகளின் மூதாதை. எம்ஐடியில் முனைய வரியின் நீளம் தொடர்பாக வான் வ்லெக் செய்த ஒரு சிறு மாற்றத்தால் அது ஒரே நாளில் 27 முறை விழுந்து எழுந்தது. ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களில் தானாகவே மீண்டும் கிளம்பியதே மல்டிக்ஸ்காரர்களை வியக்கவைத்தது. அவர்களுடைய அமைப்பு விழுந்தால் எழுவதற்கு அதைவிட மிக நீண்ட நேரம் பிடித்தது.

லினக்ஸுக்கு வெகுகாலம்வரை டம்ப் எடுக்கும் வழியே இருக்கவில்லை. 1990களின் இறுதியில் பெருநிறுவனங்கள் அதைத் தங்கள் சேவையகங்களில் நிறுவத் தொடங்கியபோதுதான் அது குறையாகத் தெரிந்தது. 1999இல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் மாட் ராபின்சனும் உடனிருந்தவர்களும் எல்கேசிடி என்ற திட்டத்தைத் தொடங்கினர். பின்னர் ஐபிஎம் அதில் இணைந்தது. அந்நிறுவனத்தின் பெங்களூரு லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தைச் சேர்ந்த சுபர்ணா பட்டாச்சார்யா அதன் முதன்மைப் பங்களிப்பாளர்களில் ஒருவர். எல்கேசிடியின் அடிப்படை முறையில் விழுந்த கெர்னலே தன் வட்டு இயக்கியைக் கொண்டு டம்ப்பை எழுதும். ரெட் ஹாட் நிறுவனம் நெட்டம்ப் என்ற வழியில் வலைப்பின்னல் ஊடாக வேறொரு கணினிக்கு அனுப்பிப் பார்த்தது. மிஷன் கிரிட்டிக்கல் லினக்ஸ் என்ற நிறுவனம் எம்கோர் என்பதில் இன்னும் துணிச்சலான உத்தியைக் கையாண்டது: டம்ப்பைச் சுருக்கி நினைவகத்திலேயே விட்டுவைத்து, பயாஸைத் தொடாமல் புதிய கெர்னலைக் கிளப்பி, அது எழுந்தபின் பழையதன் எச்சத்தை வட்டில் எழுதச் செய்தது.

2002 அக்டோபர் இறுதியில், 2.5 வரிசைக்குப் புதியவற்றைச் சேர்க்கும் கெடு முடியவிருந்த நாள்களில், எல்கேசிடியைப் பொது மரத்தில் சேர்க்குமாறு கோரிக்கை எழுந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் மறுத்தார். இது விற்பனையாளர்களின் தேவை, அவர்கள் தங்கள் பதிப்புகளில் வைத்துக்கொள்ளட்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். இதைப் பிடிவாதம் என்று பலர் அன்று கருதினர். மூல நிரலைப் படித்துப் பிழை கண்டுபிடிப்பவர்களுக்கும், வாடிக்கையாளரின் இயந்திர அறையில் நள்ளிரவில் ஒரே ஒருமுறை நேர்ந்து பிறகு நேராத பிழைக்கு விடை சொல்லியாக வேண்டியவர்களுக்கும் இடையில் இருந்த தொலைவை அந்த மறுப்பு காட்டியது. முதல் தரப்புக்கு டம்ப் ஒரு வசதி. இரண்டாம் தரப்புக்கு அதுவே பிழைப்பு. ஆயினும் மறுப்பால் நன்மையும் விளைந்தது எனலாம். விழுந்த கெர்னலையே எழுதவைக்கும் முறை ஏற்கப்பட்டிருந்தால், அதைவிட நல்ல முறையைத் தேட யாருக்கும் அவசரம் இருந்திருக்காது.

நல்ல முறைக்கான மூலப்பொருள் வேறோர் இடத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. லினக்ஸ் நெட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய எரிக் பீடர்மன், ஓடும் லினக்ஸிலிருந்து இன்னொரு கெர்னலுக்கு பயாஸ் வழியாகப் போகாமல் நேரே தாவும் கேஎக்ஸெக் என்ற வசதியை எழுதியிருந்தார். சேவையகங்களை விரைவாக மறுதொடக்கம் செய்ய அது பயன்படும் என்பதே பெரும்பாலோர் பார்வை. 2004இல் பெங்களூரு ஐபிஎம்மின் ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா, விழும் கணத்தில் இந்தத் தாவலை நிகழ்த்தும் கேடம்ப் இணைப்புகளை வெளியிட்டார். பீடர்மனுடன் நடந்த நீண்ட விவாதங்களில் வடிவமைப்பு மாறிக்கொண்டே வந்தது. பெங்களூரு மையத்தின் விவேக் கோயல், மணீஷ் சோனி ஆகியோர் பணியைத் தொடர்ந்தனர். ஆண்ட்ரூ மார்ட்டனின் சோதனை மரத்தில் சில காலம் ஊறியபின், 2005 ஆகஸ்டில் வெளியான லினக்ஸ் 2.6.13இல் கேஎக்ஸெக்கும் கேடம்ப்பும் சேர்ந்தே நுழைந்தன. அதே ஆண்டு ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் கோயல், பீடர்மன், நெல்லிதீர்த்தா மூவரும் கட்டுரை அளித்தனர். மூன்றாண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட ஒரு தேவை வேறோர் உருவில் ஏற்கப்பட்டது.

அந்த உரு எத்தகையது? நல்லேப்பிள்ளி, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து உழவர் வீடுகளில் விதைநெல்லை உண்ணும் நெல்லோடு கலப்பதில்லை. தனிப் பத்தாயம், தனி மூடி. எவ்வளவு முடை வந்தாலும் அதில் கை வைப்பதில்லை. கேடம்ப்பும் அவ்வாறே செய்கிறது. கணினி கிளம்பும்போதே நினைவகத்தின் ஒரு பகுதி, தொடக்க காலத்தில் எடுத்துக்காட்டாக 64 எம்பி, ஒதுக்கிவைக்கப்படும். ஓடும் கெர்னல் அதைப் பயன்படுத்தாது. இயந்திரம் நலமாக இருக்கும்போதே இரண்டாவது கெர்னல் ஒன்றை அந்த இடத்தில் ஏற்றி வைத்துவிடுவார்கள். இந்த 'முன்கூட்டியே' என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. விழுந்தபின் வட்டிலிருந்து எதையும் படிக்க வேண்டியதில்லை. நினைவகம் கேட்டு யாரிடமும் நிற்க வேண்டியதில்லை. பேனிக் வந்ததும் பிற செயலிகள் நிறுத்தப்படும், ஒவ்வொன்றின் பதிவேட்டு மதிப்புகளும் சேமிக்கப்படும், ஒதுக்கிய இடத்துக்குத் தாவல் நிகழும். விழுந்த கெர்னலிடம் எதிர்பார்க்கப்படும் கடைசி வேலை இவ்வளவே.

ஒதுக்கீட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. கெர்னல் விழுந்தாலும் வலைப்பின்னல் அட்டை, வட்டுக் கட்டுப்படுத்தி போன்ற சாதனங்களுக்கு அது தெரியாது. முன்பு இடப்பட்ட கட்டளைப்படி அவை நினைவகத்தில் நேரடியாகத் தரவை எழுதிக்கொண்டே இருக்கும். அவற்றையெல்லாம் ஒழுங்காக நிறுத்த, விழுந்த கெர்னலின் இயக்கிகளை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைதான் இப்போது இல்லை. ஒதுக்கப்பட்ட பகுதி ஒருபோதும் எந்தச் சாதனத்துக்கும் எழுதுமிடமாகக் கொடுக்கப்படாததால், நின்றுபோகாத அந்த எழுத்துகள் புதிய கெர்னலைத் தீண்டுவதில்லை. நிறுத்த முடியாததை நிறுத்த முயலாமல் ஒதுங்கி நிற்கும் இந்த முடிவே கேடம்ப்பின் ஆகச் சிறந்த பகுதி என்று தோன்றுகிறது.

இரண்டு கெர்னல்களுக்கும் நடுவே ஒரு சிறு நிரல் ஓடுகிறது. ஏற்றிவைத்த கெர்னல் சிதையாமல் இருக்கிறதா என்று சரிபார்ப்பது அதன் கடமை. எக்ஸ்86 கணினிகளில் புதிய கெர்னல் எழ நினைவகத்தின் தொடக்கத்தில் உள்ள 640 கேபி தேவைப்பட்டதால், அங்கிருந்த பழையதைப் பத்திரமான இடத்துக்குப் படியெடுப்பதும் அதன் பொறுப்பே. இந்த நிரலுக்கு வைக்கப்பட்ட பெயர் 'பர்கட்டரி'. தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் உத்தரிக்கிற ஸ்தலம்: இறப்புக்கும் மறுவாழ்வுக்கும் இடையே ஆன்மா தூய்மை பெறும் இடம். கெர்னல் நிரலாளர்களின் பெயரிடும் மரபில் இறையியல் நுழைந்த அரிய தருணங்களில் இது ஒன்று. பொருத்தத்தில் குறை சொல்ல முடியாது.

புதிய கெர்னல் எழுந்தபின், பழைய நினைவகம் முழுவதும் ஒரே கோப்பாக அதன் கண்ணுக்குத் தெரியும். அதை வட்டிலோ வலைப்பின்னல் ஊடாகவோ சேமித்துவிட்டுக் கணினி வழக்கம்போல் மறுதொடக்கம் ஆகும். தொடக்க காலத்தில் இதற்குத் தனி முகவரியில் தொகுக்கப்பட்ட தனிக் கெர்னல் தேவைப்பட்டது. 2007இல் வந்த 2.6.20, 32-பிட் கெர்னலை எங்கு வைத்தாலும் ஓடக்கூடியதாக்கிய பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. ரெட் ஹாட் தன் ஐந்தாம் நிறுவனப் பதிப்பில் பழைய முறைகளைக் கைவிட்டு கேடம்ப்புக்கு மாறியதும் அதே ஆண்டில்தான். ஒட்டாவாவில் அவ்வாண்டு கோயல், சோனி, அங்கிதா கார்க், நீல் ஹார்மன், கென்இச்சி ஓமிச்சி ஆகியோர் அளித்த கட்டுரையின் தலைப்பில், கேடம்ப் முன்னைவிடச் சாமர்த்தியமானது, எளியது என்பவற்றோடு 'கூடுதல் நம்பகமானது' என்பதும் இடம்பெற்றிருந்தது. நம்பகம் பற்றிய பேச்சு தலைப்பிலேயே ஏறிவிட்டது.

இதுவரையிலான கதையில், நினைவகத்தை ஆளும் கெர்னல் ஒன்றுதான் என்பது மறைமுகமான எடுகோள். மெய்நிகராக்கம் அதைத் தகர்த்தது. 2003இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸென் ஹைப்பர்வைசர் வெளிவந்தது. (சிபி-67 பிறந்ததும் கேம்பிரிட்ஜில்தான், ஆனால் அது மாசசூசெட்ஸ் மாநிலத்தது.) ஸென்னில் வன்பொருளுக்கு நேர்மேலே நிற்பது ஹைப்பர்வைசர். அதன்மேல் பல விருந்தினர் இயங்குதளங்கள் ஓடும். அவற்றுள் டாம்0 எனப்படும் ஒன்றுக்கு மட்டும் நிருவாகச் சலுகைகள் உண்டு. நடைமுறையில் அது லினக்ஸ். டாம்0 தன் நினைவகம் என்று எண்ணுவது முழு இயந்திரத்தின் நினைவகம் அன்று. ஹைப்பர்வைசர் அதற்கு அளந்து கொடுத்தது. ஹைப்பர்வைசரே நிலைகுலைந்தால் அதன்மேல் இருந்த அத்தனை விருந்தினரும் ஒருசேர விழுவர். அப்போது எடுக்கப்படும் டம்ப் முழு இயந்திரத்துக்கும் உரியதாக இருந்தாக வேண்டும்.

2006 இறுதியில் சைமன் ஹார்மன், மேக்னஸ் டாம் முதலியோரின் முயற்சியால் ஸென்னுக்கு கேஎக்ஸெக் கிடைத்தது. விதைநெல் இப்போது ஹைப்பர்வைசரின் பத்தாயத்தில். ஆனால் ஏற்றும் வேலை டாம்0 கெர்னலிடமே இருந்தது. தாவலுக்கான நிரலையும் பக்க அட்டவணைகளையும் டாம்0 ஆயத்தம் செய்து ஹைப்பர்வைசரிடம் கொடுக்கும். விழும் நேரத்தில் ஹைப்பர்வைசர், டாம்0 தந்த அந்த நிரலுக்குள் குதிக்கும். அன்றிருந்த லினக்ஸ் நிரலை அதிகம் மாற்றாமல் பயன்படுத்திக்கொள்ள இது உதவியது. இதன் விலை பின்னரே தெரிந்தது. டாம்0வாக இயங்கும் லினக்ஸ் கெர்னலுக்குள் ஸென்னுக்கென்றே ஒரு கேஎக்ஸெக் பகுதி இருந்தாக வேண்டியிருந்தது. அந்தப் பகுதி ஸென்னுக்காகத் தனியே பேணப்பட்ட பழைய லினக்ஸ் கிளைகளில் மட்டுமே வாழ்ந்தது. 2011இல் வெளியான லினக்ஸ் 3.0, பொது மரத்திலிருந்தே டாம்0வாக ஓடும் தகுதியைப் பெற்றபோது அது கூட வரவில்லை. பொது லினக்ஸை டாம்0வாகக் கொண்டவர்கள் இவ்வாறு டம்ப் எடுக்கும் வழியை இழந்தார்கள். 2012இல் ஆரக்கிளின் டேனியல் கைப்பர் அந்தப் பகுதியைப் பொது மரத்துக்குக் கொண்டுவர முயன்றார். அது நுழையவில்லை.

சிட்ரிக்ஸின் டேவிட் வ்ரேபல் கேள்வியையே மாற்றிக் கேட்டார். இடைத்தரகராக டாம்0 கெர்னல் எதற்கு? அவர் வடிவமைப்பில், டாம்0வில் ஓடும் கேஎக்ஸெக் கருவி தன் கெர்னலைத் தாண்டி ஹைப்பர்வைசரிடம் நேரே பேசுகிறது. இன்ன துண்டுகள், இன்ன முகவரிகளில் வேண்டும், கெர்னல் இன்ன கட்டமைப்புக்கு உரியது என்று மட்டும் சொல்கிறது. துண்டுகளை ஒதுக்கிய இடத்துக்குப் படியெடுப்பது, பக்க அட்டவணை அமைப்பது, தாவல் நிரலை வைத்திருப்பது எல்லாம் ஹைப்பர்வைசரின் பொறுப்பு. 2014 மார்ச்சில் வெளியான ஸென் 4.4இல் இது இடம்பெற்றது. மெய்யான நினைவகத்தை அறிந்தவரிடமே ஏற்றும் உரிமையும் சேர்ந்தது. முன்னைய ஏற்பாட்டில் ஹைப்பர்வைசர் தன் கடைசிக் கணத்தில் பிறர் எழுதிய நிரலுக்குள் குதித்துக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால், அந்த ஏற்பாடு ஏழாண்டு நீடித்ததே வியப்பு.

அதே 2014இல் லினக்ஸின் உள்ளேயும் இதை ஒத்த நகர்வு நிகழ்ந்தது. கேஎக்ஸெக் வழியாக எந்தக் கெர்னலையும் ஏற்றலாம் என்றால், கையொப்பமிட்ட கெர்னலை மட்டுமே கிளப்பும் பாதுகாப்பு ஏற்பாட்டுக்குப் பொருளில்லை. ஆகவே ஏற்றும் பணியைப் பயனர் கருவியிடமிருந்து எடுத்து, கையொப்பத்தைத் தானே சரிபார்க்கும்படி கெர்னலிடம் ஒப்படைக்கும் புதிய அமைப்பு அழைப்பு 3.17இல் வந்தது. எழுதியவர், அதற்குள் ரெட் ஹாட்டுக்குச் சென்றிருந்த விவேக் கோயல். ஸென்னில் டாம்0 கெர்னல் ஓரங்கட்டப்பட்டது. லினக்ஸில் கருவி ஓரங்கட்டப்பட்டது. காரணங்கள் வேறு, திசை ஒன்று.

ஐபிஎம்மின் பவர் வகைக் கணினிகளில் விடை வேறாக அமைந்தது. அங்கு ஹைப்பர்வைசர் ஃபர்ம்வேரோடு இணைந்தது. அது இயந்திரத்தை மறுதொடக்கம் செய்யும்போதே நினைவகத்தின் உள்ளடக்கத்தை அழியாமல் காக்கவல்லது. பெங்களூருவில் மகேஷ் சால்காவ்கர் முதலியோர் உருவாக்கி 2012இல் லினக்ஸ் 3.4இல் சேர்ந்த எஃப்ஏடம்ப் இதைப் பயன்படுத்துகிறது. இரண்டாவது கெர்னலை முன்கூட்டி ஏற்றத் தேவையில்லை. வழக்கமான கெர்னலே புதிதாக, சாதனங்கள் யாவும் முறையாக மீட்டமைக்கப்பட்ட நிலையில் எழுந்து, முந்தையதன் எச்சத்தைச் சேமிக்கிறது.

கேவிஎம் போன்ற அமைப்புகளில் விருந்தினர் இயங்குதளம் விழுந்தால் இன்னும் எளிய வழி இருப்பதாகத் தோன்றும். புரவலர் கணினிக்கு விருந்தினரின் நினைவகம் வெளியிலிருந்தே தெரியும், படமெடுப்பதுபோல் எடுத்துக்கொள்ளலாம். கீமுவில் இதற்கான கட்டளை 2012இல் வந்தது. ஆனால் கெர்னல் ஒவ்வொரு முறையும் நினைவகத்தில் வெவ்வேறு இடத்தில் அமரும் பாதுகாப்பு முறை பரவியபின், வெளியிலிருந்து எடுத்த படத்தைப் படிக்க முடியாத நிலை ஏற்பட்டது. எழுத்துகள் முழுமையாக உள்ளன, எங்கே தொடங்கிப் படிப்பது என்று தெரியவில்லை. சிந்துவெளி முத்திரைகளின் முன் நிற்பவர் நிலை. 2017இல் கீமு, விருந்தினர் தன்னைப் பற்றிய குறிப்பை முன்கூட்டியே புரவலரிடம் கொடுத்துவைக்க ஒரு மெய்நிகர் சாதனத்தைச் சேர்த்தது. வெளியே நிற்கும் சாட்சிக்கும் உள்ளே இருந்தவரின் இலக்கணம் தேவைப்பட்டது.

அண்மைக் காலத்தில் கதை மீண்டும் திரும்பியிருக்கிறது. ஏஎம்டியின் எஸ்இவி போன்ற தொழில்நுட்பங்களில் விருந்தினரின் நினைவகம் மறையீடு செய்யப்பட்டே இருக்கும். புரவலரையும் நம்பத் தேவையில்லாதபடி வாடகைதாரரின் இரகசியத்தைக் காப்பது அவற்றின் நோக்கம். டம்ப் என்பது கடவுச்சொற்களும் தனிப்பட்ட மடல்களும் அடங்கிய முழு நினைவகம் என்பதை எண்ணினால் இந்த அச்சம் நியாயமானது. அத்தகைய இயந்திரத்தை வெளியிலிருந்து படமெடுத்தால் கிடைப்பது புரியாத பிட்டுகளின் குவியல் மட்டுமே. எனவே அங்கே விருந்தினர் விழுந்தால், எழுதவேண்டியது உள்ளேயே ஒதுக்கிவைத்த இரண்டாவது கெர்னல்தான். அதாவது, 2004இல் பெங்களூருவில் வரைந்த அதே ஏற்பாடு.